கிளினிக்ல பூனை கடிச்சிருச்சு, விரல் வீங்கிருக்கு, என்ன பண்றது?

பெட்கேர்_கோவை:
எல்லாருக்கும் வணக்கம். தனியார் பெட் கிளினிக் ஒண்ணுல அட்டெண்டரா சேர்ந்து 8 மாசம் ஆச்சு. நேத்து சாயங்காலம் ஒரு பூனைக்கு ரத்தம் எடுக்க நான் பிடிச்சிட்டு இருந்தேன், சடார்னு திரும்பி ஆள்காட்டி விரல்ல கடிச்சிருச்சு. ரெண்டு சின்ன ஓட்டை, துளி ரத்தம். டெட்டால் வச்சு துடைச்சிட்டு வேலைய பார்த்தேன். இன்னைக்கு காலைல வீங்கி மடக்கவே முடியல. "இந்த வேலைன்னா கடி வாங்கத்தான் செய்யணும்"னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. பூனைக்கு தடுப்பூசி போட்டாச்சுன்னு ஓனர் வாயால தான் சொன்னாரு, கார்டு காட்டல. நான் ரேபிஸ் ஊசி போட்டதே இல்ல.

மாட்டுடாக்டர்:
தம்பி, மடக்க முடியலன்னா இப்பவே கிளம்பு, சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருக்காத. பூனைப் பல்லு ஊசி மாதிரி, ஆழமா இறங்கும், மேல தோல் மூடிக்கும், பாஸ்டுரெல்லாங்கிற கிருமி உள்ளயே மாட்டிக்கும், ஒரே நாள்ல வீங்கிடும். விரல்ல தசைநார் உறைக்குள்ள போயிட்டா ஆபரேஷன் வரைக்கும் போகும். டெட்டால் பத்தாது, ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிருக்கணும், இப்பவாவது கழுவு. ரத்தம் வந்த கடி, அதனால ரேபிஸ் தடுப்பூசியோட சேர்த்து இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமிய உடனே எதிர்க்கிற ரெடிமேட் எதிர்ப்பு மருந்து) காயத்துலயே போடணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசம். டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசியும் கேளு. பூனைக்கு ரேபிஸ் அறிகுறி வருதான்னு 10 நாள் கவனிக்கச் சொல்லி ஓனர்கிட்ட சொல்லு, ஆனா அதுக்காக ஊசிய தள்ளிப்போடாத.

வெட்நர்ஸ்_அக்கா:
டாக்டர் சார் சொன்னத அப்படியே செய்ப்பா. எனக்கு 14 வருஷ சர்வீஸ், நான் பார்த்த வரைக்கும் நாய்க்கடிய விட பூனைக்கடில தான் கை போச்சுன்னு அழுதவங்க அதிகம், ஏன்னா நாய் கடிச்சா உடனே ஓடுவோம், பூனைன்னா அலட்சியம். வேலைக்கு சேர்றப்பவே முன்தடுப்பு ஊசி (கடி வாங்குறதுக்கு முன்னாடியே போடுற ரேபிஸ் ஊசி) 3 டோஸ் போட்டிருக்கணும், போட்டிருந்தா இப்ப முதல் ஊசி போடுற நாள் (0ம் நாள்), 3ம் நாள்னு ரெண்டு ஊசியோட முடிஞ்சிருக்கும், இம்யூனோகுளோபுலினும் வேண்டாம். உங்க கிளினிக் இதை செய்யாதது எனக்கு ரொம்ப கோவமா இருக்கு. இனிமே பூனைய கழுத்துத் தோல பிடிச்சு அமுக்காதீங்க, பயந்து இன்னும் சீறும். பெரிய டவல்ல குழந்தைய சுத்துற மாதிரி சுத்தி, ஒரு கால மட்டும் வெளிய எடுங்க. அப்பவும் அடங்கலன்னா மயக்க மருந்து கொடுங்கன்னு டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க. நடந்தத தேதி, நேரத்தோட எழுதி கிளினிக்ல கையெழுத்து வாங்கி வைங்க.

பெட்கேர்_கோவை:
போயிட்டு வந்துட்டேன் அக்கா. உள்ள சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்காம், ஆன்டிபயாடிக் கொடுத்திருக்காங்க, ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அடுத்த ஊசி 3ம் நாள். கையெழுத்து இன்னும் போடல, நாளைக்கு மறுபடியும் கேக்கறேன். என்கூட வேலை பாக்கற பொண்ணும் ஊசி போட்டதில்லயாம், அவளையும் கூட்டிட்டு போறேன்.