ஸ்டீல்ஹெட் மீனின் ‘ரன்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவில் ஈரி ஏரியின் தென்கரையில், ஒகையோ மாநிலப் பக்கம் தூண்டில் போடும் நம்மவர்களுக்காக ஒரு பருவக் குறிப்பு எழுதுகிறேன். எந்த மாதம் எந்த மீன் கிடைக்கும், தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். பாஸ், டிரவுட், ஸ்டீல்ஹெட் ஆகிய பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டேன். ‘ரன்’ என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். ஏரியில் வளர்ந்த ஸ்டீல்ஹெட் கூட்டமாக ராக்கி, கிராண்ட் போன்ற ஆறுகளுக்குள் வருவதை இங்கே ரன் என்கிறார்கள். ‘ஓட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆற்றின் ஓட்டத்தைப் பற்றியும் அதே பத்தியில் பேச வேண்டியிருக்கிறது, குழம்புகிறது. ‘இனப்பெருக்க வலசை’ என்று ஒரு தோழி சொன்னார். அண்ணா, உங்கள் கருத்து வேண்டும்.

———

தம்பி, வணக்கம்.

வலசை நல்ல சொல். ஆனால் போவதும் வருவதும் சேர்ந்த முழுப் பயணத்தை அது குறிக்கும். ‘ரன்’ அதில் ஒரு கட்டம் மட்டும்: பெருநீரை விட்டு ஆற்றில் ஏறும் கட்டம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘இனப்பெருக்க’ என்ற அடைமொழி. ஸ்டீல்ஹெட் முட்டையிடுவது பெரும்பாலும் வசந்தத்தில். ஈரியிலோ செப்டம்பர் கடைசியிலேயே, தண்ணீர் குளிர்ந்து மழையில் ஆறு பெருகியதும் மீன் உள்ளே வரத் தொடங்கிவிடுகிறது. அக்டோபரில் வந்த மீன் குளிர்காலம் முழுக்க மடுக்களில் கிடந்து, மார்ச், ஏப்ரலில்தான் சரளைப் படுகைக்குப் போகும். பசிபிக் கரையில் இந்த இடைவெளி இன்னும் நீளம். அங்கே மே முதல் அக்டோபர் வரை வருவது கோடைக்கால ரன், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருவது குளிர்கால ரன். கோடையில் வரும் மீனுக்குச் சினை முற்றியிருக்காது. மாதக்கணக்கில் ஆற்றிலேயே தங்கி, அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடும். ஆற்றுக்குள் வரும் காலத்தை வைத்துத்தான் பெயர். முட்டையிடும் காலத்தைப் பெயரில் நுழைத்தால், அக்டோபரில் தூண்டிலோடு கிளம்ப வேண்டியவர் ஏப்ரல் வரை வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்து மேலே போகுமே, அதை நம் ஊரில் ‘மீன் ஏறுது’ என்றுதான் சொல்வோம். அதனால் என் பரிந்துரை ‘ஏறுமீன்’. கோடை ஏறுமீன், குளிர்கால ஏறுமீன். வினைத்தொகையாக இருப்பதால் ஏறிய மீன், ஏறுகிற மீன், முகத்துவாரத்தில் மழைக்காகக் காத்திருக்கும் மீன் என எல்லாவற்றுக்கும் பொருந்தும். காலத்தைச் சொல்ல ‘ஏறுபருவம்’. ‘மீனேற்றம்’ மட்டும் வேண்டாம், லாரியில் சரக்கு ஏற்றுவது போல் இருக்கிறது.

இன்னொரு லாபம், ‘இறங்குமீன்’ என்ற இணையும் கிடைக்கிறது. சினூக், கோஹோ போன்ற பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் பிழைப்பவை ஏரிக்குத் திரும்பும், மறுபடி ஏறவும் செய்யும். திரும்பும் மீனை அங்கே ‘டிராப்பேக்’ என்பார்கள். கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும். ஏரியிலிருந்து புதிதாக வந்தது முழுக்க வெள்ளியாக மின்னும். இறங்குமீன் நீளத்துக்கு ஏற்ற எடை இல்லாமல், வயிறு ஒட்டிக் கிடக்கும். பெண்மீன் வாலால் அடித்தே சரளையில் குழி பறிப்பதால் வால் துடுப்பின் ஓரம் தேய்ந்து பிய்ந்திருக்கும். அதைத் தண்ணீரில் விட்டுவிடச் சொல்லி உங்கள் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், ஏறாத மீனுக்கு ‘தங்குமீன்’ என்று வைக்கலாம். ஸ்டீல்ஹெட்டும் வானவில் டிரவுட்டும் ஒரே இனம்தானே, ஆன்கோரிங்கஸ் மைகிஸ். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் இருப்பதும் அதே இனம்தான். அது கடலையோ பேரேரியையோ தேடிப் போவதில்லை.

———

ஐயா, ஒரு தயக்கம். ஏறு என்றால் விலங்கின் ஆண் என்றும் பொருள் உண்டு. தொல்காப்பிய மரபியல் சுறாவின் ஆணையும் ஏறு என்கிறது. மீன் பற்றிய குறிப்பிலேயே இந்தச் சொல் வந்தால் ‘ஆண்மீன்’ என்று படித்துவிட மாட்டார்களா? ‘எதிரேறி’ என்றால் ஐயம் வராது.

———

அம்மா, நியாயமான கேள்வி. அந்தப் பொருளில் ‘ஏறு’ பின்னால்தான் வரும்: சுறவேறு, ஆனேறு. முன்னால் வரும்போது, ஏறுதழுவல் போன்ற சிலவற்றைத் தவிர, ஏறுவரிசை, ஏறுமுகம், ஏறுவெயில் என்று வினையாகவே இன்றைக்குப் படிக்கிறோம். பள்ளிக் கணக்கில் ஏறுவரிசை, இறங்குவரிசை படித்தவர்களுக்கு ஏறுமீன், இறங்குமீன் உடனே பிடிபடும். ‘எதிரேறி’யும் அழகுதான். ஆனால் அதற்கு எதிர்ச்சொல் அமைப்பது கடினம்.

———

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. ‘ஏறுமீன்’ என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘ஆற்றில் ஏறும் மீன்’ என்று விரித்து எழுதினால் அக்காவின் ஐயமும் தீரும். ஆற்று நீர்மட்டம் உயர்வதை ‘ஏறுதல்’ என்று எழுதாமல் ‘பெருகுதல்’ என்றே எழுதுகிறேன். ஒரு பத்தி மாதிரிக்கு:

“இந்த ஆறுகளுக்குப் பல இடங்களில் களிப்பாறைப் படுகை. மழை பெய்தால் சட்டென்று பெருகும், நின்றால் சட்டென்று வடியும். கலங்கலில் போய் நிற்காதீர்கள். வடிந்து, தண்ணீர் பச்சை கலந்து, முழங்கால் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும் நாளில் புதிய ஏறுமீன் கிடைக்கும். ஜனவரியில் நீர் உறைநிலையை ஒட்டி இருக்கும்போது மீன் இரையைத் துரத்தாது, மெதுவான மடுவில் அதன் மூக்கருகே இரையைக் கொண்டுபோக வேண்டும். ஏப்ரல் கடைசியில் இறங்குமீன் அதிகம். நீர் 15 பாகை செல்சியசை நெருங்கும்போது ஸ்டீல்ஹெட் ஏரிக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் ஏரியிலிருந்து ஸ்மால்மவுத் பாஸ் முட்டையிட ஏறும்.”

பாஸுக்கும் ‘ஏறும்’ என்ற சொல் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. ஏரிக்கு முதல் முறை இறங்கும் 6 முதல் 8 அங்குல ஸ்டீல்ஹெட் குஞ்சை ‘ஸ்மோல்ட்’ என்கிறார்கள். அதுவும் இறங்குவதுதான், ஆனால் இறங்குமீன் என்று சொல்ல முடியாது. ‘இறங்குகுஞ்சு’ சரியாக வருமா, அண்ணா?