நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து உட்கார்வது ஏன்?

கேள்வி (ஏரிக்கரை):
வேடந்தாங்கல் மாதிரியான ஏரிகளில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நீரிலிருந்து ஏறியதும் கிளையில் சிறகை விரித்து உட்கார்ந்துவிடுகின்றன. எண்ணெய்ச் சுரப்பி இல்லாததால் நனைந்துவிடுகின்றன என்று பலர் எழுதுகிறார்கள். நீரிலேயே இரை தேடும் பறவைக்கு நனைகிற இறகு எதற்கு? முக்குளிப்பானும் நாள் முழுக்க முங்கி எழுகிறது. அது இப்படி உட்கார்வதில்லையே? இரண்டும் மீன் பிடிக்கும் முறை ஒன்றுதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (இறகிழை):
எண்ணெய்ச் சுரப்பி இல்லை என்பது தவறு. இரண்டு பறவைக்கும் வால் தொடங்கும் இடத்தில், முதுகுப்பக்கம், அந்தச் சுரப்பி இருக்கிறது. அலகால் எண்ணெய் எடுத்து இறகைக் கோதவும் செய்கின்றன. வேறுபாடு இறகின் அமைப்பில்தான். வாத்தின் இறகிழைகள் நெருக்கமாகக் கொக்கி போட்டுக்கொண்டிருப்பதால் இடையில் காற்று தங்கும், நீர் புகாது. நீர்க்காகத்தின் இறகில் வெளி ஓரம் தளர்வானது, அது நனையும். உட்பகுதி நெருக்கமானது, நனையாது. ஆகவே உடலை ஒட்டி மெல்லிய காற்றடுக்கு மிஞ்சும். பாம்புத்தாராவுக்கு அதுவும் இல்லை, தோல்வரை நனைந்துவிடும்.

இது குறை இல்லை, முங்குவதற்கான வசதி. இறகுக்குள் தங்கும் காற்று பறவையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழம் போகப் போக நீரழுத்தம் அந்தக் காற்றை நசுக்கும். ஆனால் 10 மீட்டரில்தான் அதன் கொள்ளளவு பாதியாகும். 2 மீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் குறையும். நம் ஏரிகளின் ஆழமே அவ்வளவுதான். ஆழமில்லாத நீரில்தான் மிதப்போடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டும். காற்றை வெளியேற்றிவிட்ட பாம்புத்தாரா உடலை முழுக்க அமிழ்த்தி, கழுத்தை மட்டும் நீட்டி நீந்துகிறது. பெயர் வந்ததே அந்தத் தோற்றத்தால்தான்.

முக்குளிப்பான் வேறு வழியில் போகிறது. அதன் இறகு அடர்த்தியானது, நனையாது. முங்கும் முன் இறகை உடலோடு அழுத்திக் காற்றைப் பிதுக்கிவிடும். மேலே வந்ததும் காய வைக்க ஒன்றுமில்லை.

பதில் (தாழப்பறவை):
காய வைப்பது மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. நீர்க்காகத்துக்கு அது பெருமளவு பொருந்தும். நனைந்த சிறகு கனம். உடலுக்கு அதன் சிறகுப் பரப்பும் குறைவு. அதனால்தான் நீரிலிருந்து நேராக எழாமல், காலால் நீரை உதைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலேறும்.

பாம்புத்தாராவுக்கு வெயில் காய்வதும் சம அளவு முக்கியம். தோல்வரை நனைவதால் உடல்வெப்பம் வேகமாகப் போய்விடுகிறது. காலையில் கவனியுங்கள்: முதுகை வெயிலுக்குக் காட்டித்தான் சிறகை விரிக்கும். பாம்புத்தாரா இனங்கள் வெப்ப நாடுகளோடு நிற்பதும், பெரிய நீர்க்காகம் கிரீன்லாந்தின் குளிர்காலத்தைக்கூடத் தாங்குவதும் இதனால்தான். அந்த மெல்லிய காற்றடுக்கின் மதிப்பு அங்கேதான் புரியும்.

பதில் (கூரலகு):
மீன் பிடிக்கும் முறை இரண்டுக்கும் வேறு. அலகைப் பார்த்தாலே தெரியும்.

நீர்க்காகத்தின் மேலலகு நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும். அது மீனைத் துரத்திக் கவ்வுகிற பறவை. சிறகை மடக்கிக்கொண்டு காலால் மட்டும் உந்தும். நான்கு விரலையும் ஒரே சவ்வு இணைக்கிறது (வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கு மட்டும்). கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் நீரில் நல்ல உந்து விசை, தரையில் தள்ளாட்டம்.

பாம்புத்தாராவின் அலகு நேரான ஈட்டி. அது துரத்தாது, மெதுவாக நகர்ந்து, மீன் எட்டும் தூரத்தில் வந்ததும் குத்தும். கழுத்தின் 8ஆவது எலும்பருகே ஒரு மடிப்பு உண்டு. கழுத்து அங்கே மடிந்து நின்று, விடுபட்ட வில்போல ஒரே வீச்சில் நீளும். அலகின் ஓரத்தில் உள்ள நுண்பற்கள் குத்திய மீனை நழுவ விடாது. பிறகு மேலே வந்து, மீனை உதறி எடுத்து, தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். வால்பக்கமாக விழுங்கினால் துடுப்பு முள் விரிந்து தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கெளுத்தி போன்ற மீனில் அது ஆபத்து.

ஏரிக்கரை:
மிக்க நன்றி. இன்னொன்று: நைலான் வலையில் சிக்கிய நீர்க்காகத்தை எடுக்கும்போது கொத்தாமல் இருக்க அலகை ரப்பர் வளையத்தால் கட்டலாமா?

பதில் (கூரலகு):
கட்டவே கூடாது. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வளர்ந்த பிறகு வெளிநாசித் துளை அடைபட்டிருக்கும். முங்கும்போது மூக்கில் நீர் ஏறாமலிருக்க அமைந்த ஏற்பாடு அது. வாயால்தான் மூச்சு. அலகை இறுக்கிக் கட்டினால் சில நிமிடங்களில் செத்துவிடும்.

முதலில் தலைமேல் ஒரு துணியைப் போடுங்கள், இருட்டானால் அடங்கும். ஒரு கையால் தலையைப் பின்பக்கமிருந்து பிடித்து, அலகு ஒரு விரல் அளவு திறந்திருக்க விடுங்கள். இன்னொரு கையால் சிறகை மடக்கி உடலோடு அணையுங்கள். மார்பை அழுத்தக் கூடாது: பறவைக்கு உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் காற்று உள்ளே போகும். உங்கள் முகத்தைத் தள்ளியே வையுங்கள். பாம்புத்தாரா கண்ணைக் குறிவைத்துக் குத்தக்கூடியது, கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

நூலை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். காயம் இல்லையென்றால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் காயும்வரை வைத்து நீரோரம் விடுங்கள். தூண்டில் முள் விழுங்கியிருந்தால் வாய்க்கு வெளியே தெரியும் நூலை ஒட்ட வெட்டாமல் நீளமாக விட்டு, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ கொண்டுபோங்கள். முள் எங்கே இருக்கிறதென்று அந்த நூலைப் பிடித்துத்தான் அவர்கள் தேடுவார்கள்.

பதில் (தாழப்பறவை):
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பாம்புத்தாரா சிறகின் பறக்கும் இறகுகளை மொத்தமாக ஒரே சமயத்தில் உதிர்க்கும். முளைத்து வரும்வரை பறக்க முடியாது. அந்த நிலையில் புதருக்குள் ஒதுங்கியிருப்பதை அடிபட்டது என்று நினைத்துப் பிடித்துவிடாதீர்கள். சிறகின் ஓரத்தில் உறையோடு புது இறகு முளை தெரிகிறதா, நீரில் இயல்பாக முங்குகிறதா என்று தொலைவிலிருந்தே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.