ஒரே வருடத்தில் நாலு மொழி: என் அட்டவணை ஓடுமா?

தோவாளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து நாகர்கோவிலில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன், போன மாதம் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், நைட் டியூட்டி என்று ஒரு சொல் போதும். அப்பா "ஒரு வருஷம் தாறேன், உருப்படியா ஏதாவது படி" என்று சொல்லியிருக்கிறார். தமிழ், ஆங்கிலம் தெரியும். மலையாளம் நன்றாகப் பேசுவேன், வாசிப்பது தட்டுத் தடுமாறித்தான்.

படிக்க நினைப்பது ஜெர்மன், ஜப்பானிய மொழி, அரபி, ஸ்பானிஷ். நாலும் அனா ஆவன்னாவிலிருந்து. ஜெர்மன் வேலைக்காக, அதில் சந்தேகமே இல்லை. ஜப்பானிய மொழி எட்டாம் வகுப்பிலிருந்து அனிமே பார்த்துப் பார்த்து வந்த ஆசை. சித்தி ரியாத்தில் இருக்கிறார், ஜெர்மனி சரிப்படவில்லை என்றால் இங்கே வா என்கிறார், அதனால் அரபி. ஸ்பானிஷுக்கு ஒரு காரணமும் கிடையாது, காதுக்கு இனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவால் அட்டவணை போட்டுவிட்டேன். நாளுக்கு 6 மணி நேரம், மொழிக்கு ஒன்றரை மணி, ஞாயிறு விடுமுறை. சுவரில் ஒட்டிய கையோடு பாட்டி வந்து பார்த்துவிட்டு "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது எரிச்சல்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு உறுத்தல். ஒரே நேரத்தில் ரெண்டு மூன்று மொழி படித்த ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இது எங்கே உடையும்?

மார்த்தாண்டம்தேன்:

தங்கச்சி, பாட்டி சொன்னதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். நானும் நர்ஸ்தான், இப்போது தெற்கு ஜெர்மனியில் முதியோர் வார்டில் இருக்கிறேன். நம் படிப்பை இங்கே அங்கீகரிக்கப் பொதுவாக பி2 கேட்பார்கள், ஏ1இல் தொடங்கி சி2 வரை போகும் ஆறு மொழிப் படிகளில் அது நாலாவது. ஜெர்மன் சொல்லிக்கொடுத்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்குப்படி முதல் எழுத்திலிருந்து பி2 வரை போக 600 முதல் 800 பாடவேளை ஆகும், ஒரு பாடவேளை 45 நிமிடம். அதாவது 450 முதல் 600 மணி நேரம். அது வகுப்பில் உட்கார்ந்த நேரம் மட்டும், வீட்டுப்பாடமும் சொல் மனப்பாடமும் அதில் சேராது. உன் அட்டவணையில் ஞாயிறு போக வருடத்துக்கு 300 நாள் என்று வை, ஒன்றரை மணி வீதம் ஜெர்மனுக்கு மொத்தமே 450 மணி. அதிலும் கல்யாண வீடு, கோயில் கொடை, காய்ச்சல், கரண்ட் போன நாள் எல்லாம் கழித்துக்கொள். வருடக் கடைசியில் வேலைக்கு வேண்டிய மொழி பாதிக் கிணற்றில் நிற்கும். மற்ற மூன்றிலும் "என் பெயர் இது, எனக்கு டீ வேண்டும்" என்று சொல்லத் தெரியும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறது இல்லையா, அவர்கள் கணக்கில் ஜெர்மனுக்கு 36 வாரம். ஜப்பானிய மொழிக்கும் அரபிக்கும் 88 வாரம், 2,200 வகுப்பு மணி. முழுநேரமாக, சம்பளமும் வாங்கிக்கொண்டு படிக்கிறவர்களுக்கே அந்தக் கதி. நீ ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷையும் இழுக்கிறாய்!

என் கதையைச் சொல்கிறேன். பி2வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் தேறி, எழுதுவதில் 54 வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் 100க்கு 60 வேண்டும். போன பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்பதால் தப்பித்தேன். அந்தச் சான்றிதழோடு இங்கே வந்து இறங்கிய முதல் வாரம், ஒரு கிழவி குளிர்கிறது என்கிறாளா குளிரவில்லை என்கிறாளா தெரியாமல் ஜன்னலை மூன்று தடவை திறந்து மூடினேன். புத்தகத்தில் படித்த "நிஹ்ட்" அவள் வாயில் "நெட்" ஆகிவிட்டது. ஒரு "இல்லை"கூடப் பிடிபடாமல் நின்றேன். அந்த நிலையில் மண்டைக்குள் இன்னும் மூன்று மொழி ஓடியிருந்தால் ஊருக்கே திரும்பியிருப்பேன்.

கோபப்படாதே. பி2 கையில் வரட்டும், அப்புறம் எது வேண்டுமானாலும் படி.

தூத்தூர்க்கடல்:

அக்கா சொன்ன கணக்கு சரிதான். நான் கலப்படத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதை அனுபவித்தவன்.

நம் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலக்கும், அது நமக்கு ஒரு விஷயமே இல்லை, களியக்காவிளை பஸ்ஸில் ஏறினால் ஒரே வாக்கியத்தில் ரெண்டும் வரும். பக்கத்து மொழி என்பதால் கலக்கிறது, தூரத்து மொழிகள் கலக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 (ஐந்து படிகளில் கீழிருந்து ரெண்டாவது) முடித்த கையோடு ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். ரெண்டாவது மாதம் பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை. ஆசிரியை ஏதோ கேட்கிறார், "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், "யா" என்பது வாயில் வரவில்லை, "ஹை" என்று சொல்லித் தலையையும் குனிந்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கிறார், நான் மறுபடி "ஹை". ஜெர்மனில் "ஹை" என்றால் சுறா! எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் தலைமுறையாக ஆழ்கடலில் சுறா பிடிக்கிறவர்கள், நான் ஒரு ஜெர்மன்காரியிடம் உட்கார்ந்து சுறா, சுறா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிற்பாடு எனக்குப் புரிந்தது இதுதான். மூளை "தாய்மொழி அல்லாதது" என்று ஒரே பெட்டி வைத்திருக்கிறது, அவசரத்துக்குக் கையை விட்டால் மேலே எது கிடக்கிறதோ அதுதான் வரும். ரெண்டு மொழியும் ஒரே நிலையில் இருக்கும்போது இது மோசம். ஒன்று ஓரளவு ஊறி, யோசிக்காமல் பேச வந்த பிறகு அடுத்ததைத் தொட்டால் குறைகிறது, ஆனால் முழுசாகப் போகாது. அதனால் நாலையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், குறைந்தது நாலைந்து மாத இடைவெளி விடுங்கள். எனக்கு உதவிய இன்னொரு விஷயம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும்: ஜெர்மன் மேசையில், ஜப்பானிய மொழி மொட்டைமாடியில். இடம் மாறினால் வாயும் மாறுகிறது.

அந்தச் சொல் அட்டை ஆப் இருக்கிறதே, அங்கி, அதில் நாலு மொழிக்கும் சேர்த்துத் தினம் 20 புதுச் சொல் என்று போட்டுவிடாதீர்கள். ரெண்டு மொழிக்கே நான் அப்படிப் போட்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் 1,100க்கு மேல் அட்டை குவிந்து கிடந்தது. அதைப் பார்த்த பயத்தில் இன்னும் மூன்று வாரம் திறக்கவே இல்லை.

பால்வெட்டு_அருமனை:

எல்லாரும் பரீட்சை, பரீட்சை என்றால் எப்படி மக்கா? நான் ரப்பர் வெட்டுகிறவன். விடியக்காலம் மூன்றரைக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம், மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, பால் சிரட்டைக்கு நேராக விழுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மரம். கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை, காது சும்மாதான் கிடக்கிறது. அந்தக் காதில்தான் நாலு வருடமாக ஜப்பானிய மொழியும் ஸ்பானிஷும் ஓடுகிறது. யாரிடமும் சான்றிதழ் வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை. மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது, அன்றைக்கு நோட்டை எடுத்து எழுதுவேன். நம் மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும் வடகிழக்கும் பெய்யும், அதனால் நோட்டு வேகமாகவே நிறைகிறது.

2,200 மணி என்ற கணக்கு இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவனுக்குப் போட்டது. எழுத்து விஷயத்தில் நமக்கும் அதே பாடுதான், காஞ்சி என்கிற அந்தச் சீனத்து எழுத்து ஆளைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பு? அவன் தலைகீழாக நின்று படிக்கிறதை நாம் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். அது மட்டுமா, "தபெதெ மிரு" என்றால் "சாப்பிட்டுப் பார்". தபெதெ சாப்பிட்டு, மிரு பார். அந்தப் "பார்" கண்ணால் பார்ப்பது கிடையாது, ருசித்துப் பார்ப்பது, அங்கேயும் அப்படியே! "கத்தெ ஒகு" என்றால் "வாங்கி வை", ஒகு என்பது வை. "தபெதெ ஷிமத்தா" என்றால் "சாப்பிட்டுவிட்டான்". "இகு தோ இத்தா" என்றால் "போகிறேன் என்று சொன்னான்", நம் "என்று" நிற்கும் இடத்திலேயே "தோ" நிற்கிறது. இது முதன்முதலில் காதில் விழுந்த அன்றைக்கு நான் வெட்டை நிறுத்திவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்பானிஷை நினைத்தும் பயப்பட வேண்டாம், மேசை அங்கே "மேசா", அலமாரி "அர்மாரியோ". நமக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக வந்தது, ரெண்டும் அக்கா தங்கச்சி மொழி. ஆனால் அதே காரணத்தால் ஸ்பானிஷும் போர்ச்சுகீசியமும் மட்டும் ஒன்றாகத் தொடங்கக் கூடாது, ஒரு வருடம் கழித்தும் எது எதன் சொல் என்று தெரியாமல் போகும்.

என் கட்சி இதுதான். ஜெர்மனை உத்தியோகமாகப் படி. இன்னொன்றைக் காதுக்கு மட்டும் வை, கணக்கு வைக்காதே.

தக்கலையான்:

அரபிக்கு ஒரு வார்த்தை. நான் சின்ன வயதில் ஓத்துப்பள்ளியில் அரபி எழுத்து படித்தவன், குர்ஆன் கடகடவென்று ஓதுவேன், அர்த்தம் தெரியாது. அந்தத் தைரியத்தில் சவூதிக்குப் போனேன். போர்டுகளை எல்லாம் வாசித்துவிட்டேன், ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. 11 வருடம் இருந்தேன். புத்தகத்தில் "கைஃப ஹாலுக" என்று எழுதியிருக்கும், அங்கே தெருவில் "ஷ்லோனக்" என்பான். புத்தகத்தில் வேண்டும் என்பதற்கு "உரீது", கடையில் நின்றால் "அப்கா". செய்தித்தாள் அரபி வேறு, வாய் அரபி வேறு, நமக்குச் செந்தமிழும் பேச்சும் போலத்தான், ஆனால் தூரம் இன்னும் அதிகம். அதனால் அரபி ஒன்று என்று அட்டவணையில் எழுதினால் உண்மையில் அது ஒன்றரை மொழி. அங்கே போவது உறுதியானால் சித்தியிடம் தினம் பத்து நிமிடம் போனில் பேசு, அந்த ஊர்ப் பேச்சே வரும். எழுத்து 28தான், மெதுவாகப் பழகலாம். வசூல், பாக்கி, வக்கீல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான், அதனால் முழு அந்நியமாகவும் இருக்காது. சித்தி போகச் சொல்கிறார் என்பதற்காக மட்டும் என்றால் இப்போதைக்கு விடு.

தோவாளைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மார்த்தாண்டம் அக்கா போட்ட கணக்கைப் படித்துவிட்டு நேற்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இன்றைக்குத் தாளைத் திருப்பி, தேதி இருக்கும் பக்கத்திலேயே புதிதாக எழுதினேன்.

ஜெர்மன் நாளுக்கு 4 மணி நேரம், முழு வருடமும். ஞாயிறும் ஒரு மணி நேரம் உண்டு, அது கேட்பதற்கு மட்டும், தெற்கு ஜெர்மனிப் பேச்சு வழக்கு எதையாவது போட்டுக் கேட்கப் போகிறேன், அந்த "நெட்" பயம் பிடித்துவிட்டது. முதல் ஐந்து மாதம் வேறு மொழியைத் தொடுவதில்லை. அப்புறம் ஜப்பானிய மொழி, நாளுக்கு முக்கால் மணி. அரபியை சித்தியோடு போனில் வைத்துக்கொள்கிறேன், சித்தி இப்போதே தினமும் "ஷ்லோனிச்" என்று ஆரம்பித்துவிட்டார், பெண்ணிடம் கேட்டால் அப்படித்தானாம். ஸ்பானிஷை அடித்துவிட்டேன். பால்வெட்டு அண்ணன் மன்னிக்க வேண்டும். பூ கட்டும்போது காது சும்மாதான் இருக்கிறது, அதில் வேண்டுமானால் ஸ்பானிஷ் ஓடட்டும், அட்டவணையில் எழுத மாட்டேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்5, அதாவது ஆகக் கீழ்ப் படி, எழுதலாம் என்று ஒரு நப்பாசை. தூத்தூர் அண்ணா, ஹிரகானா, கத்தகானா என்ற அந்த ரெண்டு எழுத்து வரிசைக்கும் எத்தனை நாள் ஒதுக்கட்டும்?

தூத்தூர்க்கடல்:

ரெண்டிலும் அடிப்படை எழுத்து 46தான். ஹிரகானா ஒரு வாரத்தில் வந்துவிடும். கத்தகானாவுக்கு ரெண்டு வாரம் வையுங்கள், அதில் ஷி, த்ஸு, ஸோ, ன் நாலும் பார்க்க ஒரே அச்சு, கோடு மேலிருந்து இறங்குகிறதா கீழிருந்து ஏறுகிறதா என்பதுதான் வித்தியாசம். கண்ணால் பார்த்தால் பிடிபடாது, கையால் எழுதிப் பாருங்கள். என்5 தேர்வில் எழுதவும் வேண்டாம் பேசவும் வேண்டாம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். விண்ணப்பத்தை மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், தேர்வுக்கு ரொம்ப முன்னாடியே முடித்துவிடுவார்கள். நான் ஒரு தடவை அதில் கோட்டைவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்தேன்.