ஹெம்லாக் ஊசியிலையின் அடியில் ஒட்டியிருப்பது என்ன பூச்சி?

கேள்வி:
நண்பர்களே, பென்சில்வேனியாவில் இருக்கிறோம். வேலியோரம் ஏழு ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள். இரண்டு வருஷமாக இலைகள் மேல்பக்கம் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுப் பிடித்து, கீழ்க்கிளைகளில் கொட்டிக்கொண்டே வருகின்றன. மருந்து அடிக்க வந்தவர் தூரத்திலிருந்தே இலையில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அடெல்ஜிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி என்று சொல்லி, போன வசந்தத்தில் வேரில் இமிடாக்ளோப்ரிட் என்ற பூச்சிமருந்தை ஊற்றினார். கொஞ்சமும் குறையவில்லை. பிள்ளைகள் அந்த நிழலில்தான் விளையாடுகிறார்கள், மரங்களை விட மனசில்லை.

பதில்:
ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். ஹெம்லாக் வூலி அடெல்ஜிட் என்றால், இலை சிறுகிளையோடு சேரும் இடத்தில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். இலையின் அடிப்பக்கத்திலேயே தட்டையாக, நீளவாக்கில் பழுப்பாக ஒட்டியிருந்தால் அது எலாங்கேட் ஹெம்லாக் ஸ்கேல், ஜப்பானிலிருந்து வந்த செதில் பூச்சி, நியூயார்க்கில் 1908லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பழுப்பு பெண், வெள்ளை ஆண். இரண்டு பூச்சியும் ஒரே மரத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு.

கேட்டவர்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பஞ்சே இல்லை. ஒரே இலையில் எட்டுப் பத்துப் பழுப்புச் செதில், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளம். ஊசியால் ஒன்றைக் கிளப்பினால் உள்ளே எலுமிச்சை நிறத்தில் முட்டைகள்!

இன்னொரு பதில்:
அப்படியானால் ஸ்கேல்தான். இமிடாக்ளோப்ரிட் அடெல்ஜிட்டுக்கு நன்றாகக் கேட்கும், இந்தச் செதிலை அடக்காது, அதனால்தான் உங்கள் காசு வீணானது. டினோடெஃபுரான் என்ற இன்னொரு மருந்து இதற்குக் கேட்கும், ஆனால் பக்கத்தில் ஓடையோ கிணறோ இருந்தால் வேரில் ஊற்றாதீர்கள். இல்லையென்றால் ஹார்டிகல்ச்சர் ஆயில் (பூச்சிக்காகச் செடிகளில் அடிக்கும் எண்ணெய்), இலையின் அடிப்பக்கம் முழுக்க நனைகிற மாதிரி அடிக்க வேண்டும், குஞ்சுகள் கோடை முழுக்க வந்துகொண்டே இருப்பதால் ஒரு தடவை போதாது. மரம் வாடுகிறதே என்று நைட்ரஜன் உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், பூச்சிதான் பெருகும். அப்புறம், செத்த செதில்கள் இலையிலேயே ரொம்ப நாள் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம், புதுத் துளிரைப் பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பக்கத்தில் புளூ ஸ்ப்ரூஸ் என்ற நீல நிற ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது, அதற்கும் ஆயில் அடிக்கலாமா?

முதலில் பதில் சொன்னவர்:
வேண்டாம், ஆயில் பட்டால் அந்த நீலப் பூச்சு போய்ப் பச்சையாகிவிடும். அடிக்கும்போது அதன் மேல் ஒரு துணி போர்த்திவிடுங்கள்.