நெல்லிச் சாற்றுத் தூள் ஸ்பிரே டிரையரின் சுவரில் ஒட்டுகிறது: உதவி தேவை

கேள்வி (குடியாத்தம்):
அனைவருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூர் வழியாக வரும் நெல்லிக்காயைப் பிழிந்து வடிகட்டி, மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் மாவுப்பொருள்) சேர்த்து, சாற்றைச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்தும் ஸ்பிரே டிரையரில் தூளாக்கி வருகிறோம். சாற்றின் திடப்பொருள் 70 பங்குக்கு டி.இ. (ஸ்டார்ச் எந்த அளவு உடைந்துள்ளது என்பதைக் காட்டும் எண்) 18 உள்ள மால்டோடெக்ஸ்ட்ரின் 30 பங்கு சேர்க்கிறோம். உட்புகும் காற்று 180 டிகிரி, வெளியேறும் காற்று 95 டிகிரி. தூளில் பெரும்பகுதி டிரையரின் கூம்பு வடிவ அடிப்பகுதியின் சுவரில் மிட்டாய்ப் பாகு போல ஒட்டிக்கொள்கிறது. சுரண்டினால் பழுப்புச் செதில்களாக வருகிறது. மிஞ்சுவதும் பையில் கட்டி தட்டி, இலேசான சாம்பல் நிறமாகிவிடுகிறது. வெப்பத்தை இன்னும் கூட்டலாமா?

பதில் (ராணிப்பேட்டை):
கூட்ட வேண்டாம் ஐயா, ஒட்டல் அதிகமாகும். காய்ந்த குளுக்கோஸ் ஏறத்தாழ 31 டிகிரியிலும், ஃபிரக்டோஸ் 5 டிகிரியை ஒட்டியும் கண்ணாடி போன்ற இறுக்கத்தை இழந்து இளகத் தொடங்கும். பழ அமிலங்களும் அப்படித்தான். டி.இ. 10 மால்டோடெக்ஸ்ட்ரினுக்கோ அந்த இளகும் வெப்பநிலை 160 டிகிரி வாக்கில் இருப்பதால், அதை மொத்தத் திடப்பொருளில் பாதியளவு சேர்த்தால்தான் கலவை முழுவதும் இறுகி நிற்கும். டி.இ. எண் ஏற ஏற இந்தத் தாங்குதிறன் குறையும். வெளியேறும் காற்றை 80 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். ஆனால் தூளின் ஈரம் 5 சதவீதத்தைத் தாண்டினால் பையில் மறுபடியும் கட்டி தட்டும். சாம்பல் நிறத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம். நெல்லியின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைத் தொட்டால் கருத்துவிடும் என்பதால், பம்பின் உட்பகுதியிலும் வடிகட்டிச் சட்டத்திலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. வடிகட்டிச் சட்டத்தின் பற்றவைப்பு ஓரத்தில் துரு இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் மாற்றச் சொல்லிவிட்டேன். எங்களிடம் வாங்குவோரில் சர்க்கரை நோயாளிகள் பலர். பாதிக்குப் பாதி மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது அவர்களுக்கு ஏற்குமா?

பதில் (ஆம்பூர்):
இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும் ஐயா. மால்டோடெக்ஸ்ட்ரின் இனிப்பாக இல்லாவிட்டாலும் குடலில் விரைவாகக் குளுக்கோஸாகி, இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கம் அரபிக் என்ற மரப்பிசினைச் சேர்க்கலாம். அது கரையும் நார்ச்சத்து, துளியைச் சுற்றி நல்ல படலமும் கட்டும். கரைசல் கெட்டியாகும் என்பதால் சிறிதளவில் தொடங்குங்கள். எதைச் சேர்த்தாலும் அதை உறையில் எழுதுங்கள்; பாதி மாவுப்பொருள் உள்ள பொடியைச் சுத்தமான நெல்லி என்று நம்பி நோயாளி வாங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தூளைத் திறந்த தட்டில் ஆறவிடாமல், ஈரம் நீக்கிய அறையில் ஆறவைத்து உடனே அலுமினியப் பையில் மூடிவிடுங்கள்.