தொடர்பியல் படிப்பு, கல்விக் கடன்: நான் போட்ட கணக்கும் போடாமல் விட்ட கணக்கும்

தங்கைக்கு ஊடகத் தொடர்பியலில் இடம் கிடைத்திருக்கிறது, கடன் வாங்கிச் சேர்க்கலாமா என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். நானும் கடன் வாங்கி அதே படிப்பைப் படித்தவள்தான். கடைசித் தவணை கட்டி எட்டு மாதம் ஆகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

சேரும்போது நான் பார்த்தது ஒரே ஒரு எண்ணை. கல்லூரிக் கையேட்டில் இருந்த சராசரிச் சம்பளம். அது பொய் இல்லை. ஆனால் ஐந்து பேரின் சம்பளம் 10, 10, 12, 13, 55 என்று இருந்தாலும் சராசரி 20 வந்துவிடும். அதில் நான்கு பேர் 20-ஐ எட்டியே இருக்க மாட்டார்கள். வரிசையில் நடுவில் நிற்பவருக்கு 12தான். நம் படிப்பில் இந்த இடைவெளி ரொம்பப் பெரிது. என் வகுப்பிலிருந்தே ஒருத்தி பெரிய நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் போனாள், ஒருவன் சிறிய செய்தி நிறுவனத்துக்குப் போனான், இன்னொருவன் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்தான். மூன்று பேரின் சம்பளத்தையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் எண் யாருக்குமே பொருந்தாது.

அடுத்தது வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது என்றார்கள். வட்டியும் கிடையாது என்று நானே எடுத்துக்கொண்டேன். முதல் தவணைக்கு முன் கணக்கு அறிக்கை வாங்கிப் பார்த்தால், நிலுவை என்ற இடத்தில் நான் வாங்கிய தொகையைவிடப் பெரிய தொகை இருந்தது. அதிகாரி அந்த எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, "இத்தனை நாள் ஓடின வட்டியும் இதுல சேர்ந்திருக்கும்மா" என்றார். அந்தக் கோடு போட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

100 கடன் என்று வையுங்கள். மூன்று வருடமும் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கல்லூரிக்குப் போகிறது, 10 சதவீதத் தனிவட்டி. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழிந்து தவணை தொடங்கும்போது அது 130. அதைப் பத்து வருடத்தில் கட்டினால் மொத்தம் 206. படிக்கும்போதும் அதற்கடுத்த ஒரு வருடமும் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்திருந்தால் எல்லாம் சேர்த்து 189 அளவில் முடிந்திருக்கும்.

* * *

அக்கா சொல்வது அப்படியே என் கதை. நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன். நம் துறையில் சம்பளம் ஏறும், ஆனால் மெதுவாகத் தொடங்கும். எனக்கு முதல் ஆறு மாதம் சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப். நான்காம் வருடத்தில்தான் தொடக்கச் சம்பளம் இரண்டு மடங்கானது. தவணை நான்காம் வருடம் வரை காத்திருக்கவில்லை.

நிருபர் வேலை ஒன்று கைக்கு வந்தது. நான் ஆசைப்பட்ட வேலை. தவணை போக மிஞ்சுவது வாடகைக்கே போதாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தேன். படிப்பைத் தேர்ந்தெடுத்தது நான், வேலையைத் தேர்ந்தெடுத்தது தவணை. இதைத் தங்கையிடம் இப்போதே சொல்லுங்கள்.

முதல் வருடச் சம்பளத்தைவிடக் கடன் அதிகமாகக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். 10 சதவீத வட்டியில் இரண்டும் சமமாக இருந்தாலே, பத்து வருடத் தவணைக்கு மாதச் சம்பளத்தில் சுமார் 16 சதவீதம் போய்விடும். கடன் அதில் பாதி என்றால் 8 சதவீதம். என்னைக் கேட்டால் பாதியைத்தான் வரம்பாக வைத்துக்கொள்வேன்.

* * *

நானும் ஒன்று சொல்கிறேன். எந்த வகைக் கடன் என்பதையும் பாருங்கள். என் அத்தை மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். அங்கே அரசுக் கடனுக்கு, குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். சம்பளம் வரம்புக்குக் கீழே போனால் பிடித்தம் நின்றுவிடும். 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்கு, திருப்பிக் கட்டும் காலம் தொடங்கி 40 வருடம் கழித்து மீதி தள்ளுபடி. ஆஸ்திரேலியாவும் 1989-இலிருந்து வருமானத்தைப் பார்த்துத்தான் வசூலிக்கிறது. சம்பளம் ஏறி இறங்கும் நம் துறைக்கு அந்த மாதிரிக் கடன் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும். நிலையான தவணை அப்படி இல்லை, வேலை போன மாதமும் தேதி வந்துவிடும்.

அமெரிக்காவில் சேர்வதாக இருந்தால் அந்நாட்டுக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தைப் பாருங்கள். கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, நடுவில் நிற்பவரின் வருமானமும் கடனும் கிடைக்கும். அரசு நிதியுதவி பெற்ற மாணவர்களின் வருமானம்தான் அதில் கணக்கு.

* * *

என் தம்பி இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்திவிட்டான். பட்டம் இல்லை, கடன் இருக்கிறது. உத்தரவாதக் கையெழுத்து அப்பாவுடையது என்பதால் தபால் அவர் பெயருக்கு வந்தது. உறையைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வந்திருக்கிறேன், எல்லோருக்கும் நன்றி. கேள்வி கேட்ட தம்பி, உங்கள் தங்கைக்குப் படிப்பில் உண்மையான ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். எனக்கு இந்தத் துறை பிடித்திருக்கிறது, இன்றைக்கும் இதில்தான் இருக்கிறேன். கட்டணம் குறைந்த கல்லூரியில் இதே பாடம் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். என்னை வேலைக்கு எடுத்தவர் நான் எடிட் செய்திருந்த மூன்று நிமிட வீடியோவைத்தான் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். கல்லூரிப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம், கையேட்டை மூடி வைத்துவிட்டு, அங்கே படித்து இரண்டு வருடத்துக்குள் வெளியே வந்தவர்கள் ஐந்தாறு பேரிடம் நேரடியாகச் சம்பளம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னிடமிருந்தே தொடங்குங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டு அந்தக் கோடு போட்ட தாளோடுதான் இருக்கிறது, அனுப்புகிறேன்.