புதுப்பிப்பு: பிக்கப் இடது பக்கம் இழுத்த பிரச்சனை தீர்ந்தது, காரணம் சென்டர் போல்ட்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, முன்பக்கம் பட்டை ஸ்பிரிங் போட்ட என் பிக்கப் அலைன்மென்ட் பண்ணியும் இடது பக்கமே இழுக்குது, பிரேக் அடிச்சா இன்னும் அதிகமா இழுக்குதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

முதல்ல ஜாக் போட்டு வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பார்த்தோம், ஆட்டம் இருந்துச்சு. ஒரு அண்ணன் சொன்ன மாதிரி பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினோம், பேரிங் ஆட்டமா இருந்தா பிரேக் பிடிச்சதும் நின்னுடும். அப்பவும் ஆட்டம் போகல, அதனால பேரிங் இல்ல, கிங்பின் (முன் வீல் திரும்பற அச்சு) புஷ்தான்னு தெரிஞ்சு மாத்தினோம். ஸ்டீயரிங் நடுக்கம் நின்னுச்சு, ஆனா இழுக்கறது அப்படியே இருந்துச்சு.

அப்புறம்தான் இன்னொருத்தர் சொன்னபடி முன் வீல் நடுவுலருந்து பின் வீல் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்தோம். இடது பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல கம்மி! ஸ்பிரிங்கை ஆக்சிலோட சேர்த்துக் கட்டுற யூ போல்ட்டைக் கழட்டினா, பட்டைக்கு நடுவுல ஆக்சிலை இடம் மாறாம நிறுத்துற சென்டர் போல்ட் ரெண்டா அறுந்து கிடக்கு, உடைஞ்ச முகம் துரு ஏறி பழுப்பா இருந்துச்சு, அறுந்து ரொம்ப நாளாயிருக்கும் போல. அதனாலதான் அந்தப் பக்கம் ஆக்சில் பின்னாடி நகர்ந்திருக்கு, பிரேக் அடிக்கறப்ப இன்னும் நகருது. இந்த மாதிரி ஆக்சில்ல அலைன்மென்ட் கடையில டோ (முன் வீல்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கற அளவு) மட்டும்தான் திருப்புவாங்க, அதுல இது எப்படி சரியாகும்.

புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் போட்டு, கடைசியா டோ வச்சோம். இப்ப நேரா போகுது. லோடு ஏத்தி ஓட்டிட்டு வந்து யூ போல்ட்டை மறுபடி டைட் பண்ணுங்க, எனக்கு நட்டு நல்லாவே இறங்குச்சு.